முதுகுக்குக் கீழே காற்று

அமெரிக்காவின் கிழக்கோரத்தில், ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்தின் கடாடின் மலையில் முடிகிறது அப்பலேச்சியன் நடைபாதை. நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். முழுவதையும் ஒரே பயணத்தில் முடிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தெற்கு முனையில் கிளம்பி வடக்கே நடக்கிறார்கள். வழியில் முக்கால்வாசிக்கு மேல் காடு. காடென்றால் சரிவு, புடைத்த வேர், கூர்கல், ஈரச் சருகு. கூடாரம் போட ஆறடிச் சமதரை தேடி அலைய வேண்டும். தேடிக் கண்டுபிடித்த பள்ளத்தில்தான் மழைத் தண்ணீரும் வந்து தேங்கும். மரத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை. அதனால் கூடாரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, நைலான் துணியில் தைத்த தொங்கு படுக்கையை (ஹேமக்) முதுகுப்பையில் திணித்துக்கொண்டு வருகிறவர்கள் அங்கே நிறைய. நாலைந்து மீட்டர் இடைவெளியில் உறுதியான இரண்டு மரங்கள் போதும். கீழே பாறை கிடந்தாலும் ஓடை ஓடினாலும் கவலையில்லை.

கவலை நள்ளிரவில் வருகிறது. பூஜ்யம் டிகிரிக் குளிரையும் தாங்கும் என்று சீட்டு ஒட்டிய ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்தவருக்கு, வெப்பமானி 15 டிகிரி காட்டும்போதே நடுக்கம் பிடித்துக்கொள்கிறது. மார்பும் வயிறும் கதகதப்பாக இருக்கின்றன. முதுகும் இடுப்பும் மட்டும் ஈரத் துணி சுற்றியதுபோல் சில்லிடுகின்றன. பை மோசமில்லை. தரை இதுவரை சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த ஒரு வேலையைச் செய்ய இப்போது ஆளில்லை, அவ்வளவுதான்.

தூங்கும் மனித உடல் மணிக்கணக்கில் 70, 80 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. போர்வைக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. உடல் விடும் சூட்டை மெதுவாக்குவதுதான் அதன் வேலை. அந்த வேலையையும் உண்மையில் செய்வது துணியோ இறகோ அல்ல, அவற்றின் இடுக்குகளில் சிறைப்பட்ட அசையாத காற்று. அசையாத காற்றைப்போல வெப்பத்தைக் கடத்தாத பொருள் அன்றாடப் புழக்கத்தில் குறைவு. வாத்தின் மென்தூவி குளிர்நாட்டில் அவ்வளவு விலை போவதற்குக் காரணம், சில கிராம் எடையில் ஒரு கை நிறையக் காற்றைப் பிடித்து வைப்பதுதான்.

இப்போது அந்தப் பைமீது ஒரு ஆள் படுக்கிறார். மேல்பக்கம் உப்பலாக இருக்கிறது. கீழ்ப்பக்கம் 70 கிலோ எடையில் நசுங்கி, காற்றெல்லாம் வெளியேறி, அப்பளமாகிவிடுகிறது. தரையில் படுத்தாலும் இது நசுங்கத்தான் செய்யும். ஆனால் தரை அசையாது. உடல் தொட்டிருக்கும் மண் கொஞ்சம் சூடேறி, அந்தச் சூட்டோடு அங்கேயே கிடக்கும். மேலே ஒரு பாயும் விரித்துவிட்டால் ஒருவாறு சமாளிக்கலாம். தொங்கு படுக்கைக்கு அடியிலோ காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. முதுகு சூடாக்கிய காற்றை அடுத்த நொடியே தள்ளிவிட்டு, புதிய குளிர்காற்று வந்து துணியைத் தொடும். இடையில் இருப்பது ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமனில்லாத நைலான். சென்னையின் மே மாத மாடியில் இது சொர்க்கம். மலைக்காட்டில் தண்டனை. பழக்கப்பட்டவர்களே 20 டிகிரிக்குக் கீழே போனால் அடியில் ஏதாவது வேண்டும் என்கிறார்கள்.

ரப்பர் நுரைப் பாயைப் படுக்கைக்குள் போட்டுப் பார்க்கலாம். போட்டவர்கள் சொல்வது: பாய் நழுவும், வியர்க்கும், தோள்பட்டை இரண்டும் பாயைத் தாண்டித் துணியில் அழுந்தி அங்கே குளிரும். சரியான தீர்வு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. போர்வையை உடலுக்கும் துணிக்கும் நடுவே வைக்காமல், துணிக்கு வெளியே, அடியில் தொங்கவிட்டால்? எடை முழுவதையும் நைலான் தாங்கிக்கொள்ளும், போர்வை நசுங்காது, காற்று அதற்குள் அப்படியே நிற்கும். தூவி திணித்த இந்த அடிப்போர்வை, இரு முனையிலும் இழுவைக் கயிறு கோத்து, படுக்கையின் வயிற்றோடு ஒட்டினாற்போல் தொங்குகிறது. இறுக்கிக் கட்டினால் அது நசுங்கிக் கெடும். தளர விட்டால் இடைவெளியில் காற்று புகுந்து கெடும். படுத்துக்கொண்டே கையை வெளியே விட்டு அடியில் தடவிப் பார்க்க வேண்டும்: துணியும் போர்வையும் லேசாக உரசிக்கொண்டிருந்தால் சரி, விரல்கள் தாராளமாகப் போய்வந்தால் அன்றைய தூக்கம் போச்சு. மேலே போர்த்துவதற்கு முழுப்பையே வேண்டாம். முதுகுப் பகுதியை வெட்டி எறிந்த அரைப்போர்வை போதும். எப்படியும் நசுங்கப்போகிற பாதியை எதற்குச் சுமப்பது?

அமேசான் காட்டில் இதே சிக்கலுக்கு நெருப்புதான் விடை. யானோமாமி போன்ற பழங்குடிகள் படுக்கைக்கு அருகிலேயே சிறு தீ மூட்டி, இரவில் எழுந்தெழுந்து விறகைத் தள்ளிவிட்டுத் தூங்குவார்கள். தொங்கு படுக்கை அந்தப் பக்கத்து மக்களின் கண்டுபிடிப்பு. 1492 அக்டோபரில் பஹாமாஸ் தீவுகளில் இறங்கிய கொலம்பஸ், அங்குள்ளவர்கள் பருத்தி வலையில் படுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். ஐரோப்பியக் கப்பல்கள் அதைப் பிடித்துக்கொண்டன. பிரிட்டிஷ் கடற்படை 1597-இல் ஏற்றது. மாலுமி ஒருவருக்கு 14 அங்குல அகலம் என்று அளந்து ஒதுக்கினார்கள். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் படுக்கை புவியீர்ப்பின் திசையிலேயே தொங்கும் என்பதால், கட்டிலில் இருந்து உருளுவதுபோல் இதிலிருந்து உருள வேண்டியதில்லை.

அடுத்தது கயிறு. புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லாரும் செய்வது ஒன்றுண்டு: படுக்கை தொய்யக்கூடாது என்று இரண்டு பக்கமும் விறைப்பாக இழுத்துக் கட்டுவது. பார்க்கக் கட்டில்போல நேராக இருக்கும். பள்ளிக்கூட விசை முக்கோணத்தை ஞாபகப்படுத்திக்கொண்டால் இதிலுள்ள ஆபத்து புரியும். 70 கிலோ ஆளை இரண்டு கயிறுகள் தாங்குகின்றன. கயிறு கிடைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்ந்திருந்தால், ஒவ்வொரு பக்கமும் சரியாக 70 கிலோ எடைக்குச் சமமான இழுவை. 10 டிகிரியாகக் குறைத்தால் 200 கிலோவைத் தொடும். 5 டிகிரி என்றால் 400. உடல் எடை ஒரு கிலோகூடக் கூடவில்லை. கயிற்றை நேராக்கிய குற்றத்துக்கு அபராதம் ஆறு மடங்கு. கிடையாக இழுக்கும் கயிறு எடையை மேல்நோக்கித் தாங்குவது மிகச் சொற்பம் என்பதால், அந்தச் சொற்பத்தைச் சேர்க்கவே இவ்வளவு முக்க வேண்டியிருக்கிறது. தையல் கிழிவதும், கொக்கி தெறிப்பதும், இளமரம் உள்ளே வளைவதும் இங்கேதான்.

30 டிகிரியை அளக்கக் கருவி தேவையில்லை. துப்பாக்கி காட்டுவதுபோல் ஆள்காட்டி விரலைக் கிடையாக நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்துங்கள். இரண்டு நுனிகளையும் இணைக்கிற கற்பனைக் கோடு ஏறத்தாழ அந்தச் சாய்வில்தான் இருக்கும். கயிற்றோடு ஒட்டிப் பார்த்துக் கட்டினால் போதும். இன்னும் கெட்டிக்காரர்கள், படுக்கையின் இரு முனைகளுக்கும் நேர் மேலே ஒரு முகட்டுக் கயிற்றைக் கோத்துவிடுகிறார்கள். அதன் நீளம் படுக்கை நீளத்தில் ஏறத்தாழ 83 சதவீதம், 3.35 மீட்டர் படுக்கைக்கு 2.8 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மரங்கள் கிட்ட இருந்தாலும் எட்ட இருந்தாலும் தொய்வு அன்றன்றைக்கு மாறாது. கண்ணாடி, டார்ச் மாட்டிவைக்கவும் அதுவே கொடி.

மரத்தைச் சுற்றுவது மெல்லிய கயிறாக இருக்கக்கூடாது, இரண்டு விரல் அகலமாவது உள்ள பாலியெஸ்டர் பட்டையாக இருக்க வேண்டும். இலையில் தயாராகும் உணவு மரப்பட்டைக்கு நேர் உள்ளே இருக்கிற மெல்லிய திசு வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. நூறு கிலோ இழுவையை மூன்று மில்லிமீட்டர் கயிற்றில் ஏற்றினால் அது அந்தத் திசுவை அறுக்கும். நைலான் பட்டை இங்கே உதவாது. ஈரமானால் நீண்டுவிடும், விடியும்போது முதுகு தரையைத் தொடும். மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தண்டைப் பார்க்கிற அளவுக்கு அண்ணாந்தும் பார்க்க வேண்டும். மேலே காய்ந்த கிளை இருந்தால் வேறு மரம். தென்னை என்றால் கேட்கவே வேண்டாம்.

தொய்வாகக் கட்டினால் உடல் வாழைப்பழமாக வளையாதா என்று கேட்பது நியாயம். நேராகப் படுத்தால் வளையத்தான் செய்யும். பிரேசிலிலும் மெக்சிகோவின் யுகட்டானிலும் தொங்கு படுக்கையிலேயே வளர்ந்தவர்கள் நேராகப் படுப்பதில்லை. தலை ஒரு மூலை, கால் எதிர்மூலை என்று குறுக்கே படுக்கிறார்கள். குறுக்கே படுக்கும்போது துணி இரு பக்கமும் விரிந்து, உடலுக்குக் கீழே கிட்டத்தட்டச் சமதளமாகிவிடுகிறது. தொய்வு இருந்தால்தான் அப்படிக் குறுக்கே படுக்க இடம் கிடைக்கும். ஆக, தட்டையாகத் தூங்க வேண்டுமென்றால் தளரக் கட்ட வேண்டும். மனாவுஸிலிருந்து பெலேம் போகும் அமேசான் படகுகளில் பயணிகள் ஆளுக்கொரு படுக்கையைத் தளத்தில் வரிசையாகக் கட்டி, நாள்கணக்கில் இப்படித்தான் பிரயாணம் செய்கிறார்கள்.

கடற்கரை விடுதிகளில் இரு முனையிலும் மரச்சட்டம் வைத்து விரித்த வலையைப் பார்த்திருப்பீர்கள். தொங்கு படுக்கைக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது அதுதான் என்பது என் எண்ணம். சட்டம் வலையை விறைப்பாகத் தட்டையாக்கிவிடுவதால், படுத்தவரின் எடைமையம் தாங்குகிற கயிறுகளின் கோட்டுக்கு மேலே ஏறிவிடுகிறது. கொஞ்சம் புரண்டாலும் கவிழும். சட்டமில்லாத துணியில் உடல் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே கிடப்பதால், கவிழ்க்க நினைத்தாலும் சுலபமில்லை.

மழையைத் தார்ப்பாய் பார்த்துக்கொள்ளும், ஒரு ஓட்டையைத் தவிர: மரத்தில் வழியும் நீர் பாலியெஸ்டர் பட்டையில் இறங்கி, அதோடு ஒட்டியபடியே உள்ளே நடந்து வந்துவிடும். தார்ப்பாய்க்கு உட்புறமாகப் பட்டையில் ஒரு நூல்துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும். கொசு கொஞ்சம் பெரிய விஷயம். வலை மேலே இருந்தாலும், மெல்லிய துணி வழியே கீழிருந்து முதுகில் கடிக்கும். இரண்டாம் உலகப்போரில் பசிபிக் காடுகளுக்கு அமெரிக்க ராணுவம் அனுப்பிய படுக்கையில் ரப்பர் பூசிய கூரை, கொசுவலைச் சுவர், ஜிப் எல்லாமே இருந்தன. வியட்நாமின் நின் துவான் மாகாணத்தில் காட்டுக்குள் தங்கி வேலை பார்க்கும் மக்களுக்குப் பூச்சிக்கொல்லி ஏற்றிய வலையோடு தொங்கு படுக்கை கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே மலேரியா பரப்பும் கொசு, வீட்டுக்கு வெளியே, மாலையிலேயே கடிக்கத் தொடங்குவது. வீட்டுக் கட்டில்வலை அதற்குப் போதாது. படுக்கை கொடுத்த ஊர்களில் மலேரியா மற்ற ஊர்களைவிட வேகமாகக் குறைந்தது என்று 2009-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிளம்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: யானை நடமாடும் காட்டில் அரை மீட்டர் உயரம் எந்தப் பாதுகாப்பும் தராது. வனத்துறை அனுமதியில்லாமல் இரவு தங்குவது குற்றமும்கூட. தோப்பில் கட்டிப் பழகுங்கள்.

இவ்வளவு பாடுபட்டுத் தொங்குவதால் தூக்கம் உண்மையிலேயே நன்றாக வருகிறதா? ஜெனீவா பல்கலைக்கழகத்தில் 12 ஆண்களை மதியம் 45 நிமிடம் தூங்கவைத்தார்கள்; ஒரு தடவை அசையாத கட்டிலில், ஒரு தடவை நான்கு நொடிக்கு ஒரு ஆட்டம் ஆடும் கட்டிலில். ஆடியபோது அவர்கள் சீக்கிரம் உறங்கினார்கள். மூளை அலைகளில் ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளங்கள் கூடின. இது 2011-இல். பிறகு 2019-இல் 18 பேரை இரவு முழுக்க ஆட்டிப் பார்த்தபோது ஆழ்தூக்கம் நீண்டது; இரவில் மனப்பாடம் செய்த சொற்களைக் காலையில் நன்றாக நினைவுகூர்ந்தார்கள். அதே ஆண்டில் எலிகளிடம் செய்த சோதனையில் காரணத்தின் ஒரு நுனி பிடிபட்டது: உட்செவியில் அசைவை உணரும் நுண்கற்கள் வேலை செய்யாத எலிகளுக்கு ஆட்டம் எந்தப் பலனும் தரவில்லை. கண்ணோ தோலோ அல்ல, காதுதான் தாலாட்டைக் கேட்கிறது.

ஆனால் ஜெனீவாக் கட்டில் ஆடிய வேகத்தில் காட்டுப் படுக்கை ஆடாது. ஊசலின் நேரத்தைத் தீர்மானிப்பது அதன் நீளம். கட்டிய உயரத்திலிருந்து உடல் ஒரு மீட்டர் கீழே கிடந்தால் ஒரு ஆட்டத்துக்கு இரண்டு நொடி ஆகும். உத்தரத்திலிருந்து இரண்டு மீட்டர் கீழே தொங்கும் நம் வீட்டுச் சேலைத் தூளிக்கு மூன்று நொடிக்குச் சற்றுக் குறைவு. நான்கு நொடி வேண்டுமென்றால் நான்கு மீட்டர் நீளம் வேண்டும். தவிர, படுக்கை தானாக ஆடிக்கொண்டே இருக்காது. காற்றின் தடையும் துணியின் உரசலும் சில நிமிடங்களில் நிறுத்திவிடும். எனவே காட்டில் தொங்குகிறவர்களின் நல்ல தூக்கத்துக்கு இந்தச் சோதனைகளைச் சாட்சிக்கு இழுப்பது கொஞ்சம் அவசரம். பகலெல்லாம் மலையேறிய களைப்பும் அங்கே ஒரு காரணம்தானே.

புவியீர்ப்பு குறைந்தால் ஊசல் மெதுவாகும். நிலவில் அது ஆறிலொரு பங்கு; அதே ஒரு மீட்டர் படுக்கை அங்கே ஐந்து நொடிக்கு ஒருமுறை ஆடும், ஜெனீவாக் கணக்குக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். நிலவில் ஹேமக்கில் படுத்தவர்களும் உண்டு. அப்பல்லோ 11-இல் அது இல்லாமல் ஆல்ட்ரின் தரையிலும் ஆம்ஸ்ட்ராங் இயந்திர மூடியின் மேலும் குளிரில் முடங்கிக் கிடந்ததால், 1969 நவம்பரில் போன அப்பல்லோ 12-இல் இரண்டு தொங்கு படுக்கைகள் சேர்க்கப்பட்டன. குறுகிய அறையில் ஆடுவதற்கு இடமில்லை. ஆனாலும் அதில் போன கான்ராட் சரியாகத் தூங்கவில்லை. அளவு சரியாக இல்லாத விண்வெளி உடையைக் கழற்றாமல் படுத்ததுதான் காரணம். உடன் போன பீன் எழுந்து அதன் கால்பகுதியைத் தளர்த்திவிட வேண்டியிருந்தது.