கிஹிம் கடற்கரையும் காவிரித் திட்டும்

பறவைகளை ஆராய்வதற்குப் பெருங்காடும் அரிய கருவிகளும் வேண்டுமென்று பலர் எண்ணுகின்றனர். வீட்டு வாயிலே ஆராய்ச்சிக் கூடமாகலாம் என்பதற்கு அறிஞர் சாலிம் அலியின் வரலாறு சான்றாகும்.

1896-ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்த அவர், ஜெர்மனியில் பறவையியல் பயின்று 1930-இல் தாயகம் திரும்பினார். முன்பு வகித்த அருங்காட்சியகப் பதவி அப்போது இல்லை. ஆகவே, துணைவியார் தெஹ்மினாவுடன், பம்பாய்த் துறைமுகத்திற்கு அக்கரையிலுள்ள கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் குடியேறினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மழைக்காலத்தில் அவற்றைப் பொறுமையுடன் நோக்கி, கண்டவற்றைக் குறித்துவந்தார்.

கூடு பின்னுவது ஆண்பறவை. கூடு பாதி முடிந்து, தொங்கும் மணிபோல் உருப்பெற்றதும், பெண்பறவைகள் வந்து உட்புகுந்து பார்க்கின்றன. ஒரு பெண் இசைந்து ஏற்ற பின்னரே, ஆண் அக்கூட்டைக் கட்டி முடிக்கிறது. பெண் அடைகாக்கையில், வேறொரு கூட்டைத் தொடங்கிவிடுகிறது. ஏற்பாரற்ற கூடுகள் குறையாகவே நிற்கின்றன. கிளைகளில் அரைகுறைக் கூடுகள் தொங்குவதன் காரணம் இதுவே. இவ்வாராய்ச்சி 1931-இல் வெளியாகி அவருக்குப் பெரும் புகழ் தந்தது. வேலையின்மை என்னும் இடர் அறிவுக்கு வித்தாயிற்று.

மைசூரில் வாழும் நம்மவர்க்கும் அவரோடு உறவுண்டு. 1939-40-இல் மைசூர் இராச்சியத்தின் பறவைகளை அவர் ஆய்ந்தார். சீரங்கப்பட்டணத்தருகே காவிரியின் நடுவிலுள்ள அரங்கனதிட்டு, அவர் பரிந்துரைத்தபடி 1940-இல் பறவைப் புகலிடமாயிற்று. பழைய அணையொன்றால் உருவான அத்திட்டுகளை நீர் சூழ்ந்திருப்பதால், நரியும் பூனையும் எளிதில் அணுகா. அதனால் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் அங்கே அச்சமின்றிக் குஞ்சு பொரிக்கின்றன. 2022-இல் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

ஆயினும் நீர் குன்றினால் திட்டுகள் கரையோடு இணையும்; பகை விலங்குகள் எளிதில் புகும். ஆற்றைக் காப்பதே பறவையைக் காப்பதாகும். அங்கு செல்லும் நாம் கூச்சலிடாமல், கூட்டை நெருங்காமல், தொலைவிலிருந்தே காண்போமாக. அவ்வாறு செல்ல இயலாதோர் தம் வீட்டெதிரே நிற்கும் ஒரு மரத்தையேனும் ஒரு பருவம் முழுதும் நோக்கி, கண்டதை நாள்தோறும் எழுதிவைக்கலாம். கிஹிமில் நிகழ்ந்ததும் அதுவேயன்றோ!