வேலியில் ஒரு குட்டி வாசல்!

இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு நகருக்கு வடக்கே இருக்கிறது கிர்ட்லிங்டன் கிராமம். இரவானால் ஊரே நிசப்தம். நீங்கள் அங்கே குடியிருந்தால், தோட்டத்தில், 'சரசர'வென்று சத்தம் கேட்கலாம். பயப்படாதீர்கள், முள்ளெலி இரை தேடுகிறது!

ஒரே இரவில், 2 கி.மீ., கூட நடக்கும் இது. வீட்டுக்கு வீடு சுவரும், மரவேலியும் மறித்தால், பாவம், எங்கே போகும்? அதனால், ஊர்க்காரர்கள் சுவரிலும், வேலியிலும் குட்டி வாசல் வைத்துவிட்டனர். 13 செ.மீ., அகலம், 13 செ.மீ., உயரம் போதும். சில இடங்களில் குட்டிப் படிக்கட்டும் உண்டு!

ஒரு வீட்டில் மட்டும் வாசல் வைத்தால் பயனில்லை. பக்கத்து வீட்டாரும் வைக்க வேண்டும். அப்போதுதான் அது பாதையாகும்.

பிரிட்டனில் அழியும் ஆபத்திலுள்ள பாலூட்டிகளின் பட்டியலில், 2020ல் முள்ளெலியும் சேர்ந்துவிட்டது. அதனால், ஒவ்வொரு வாசலும் முக்கியம்.

ஆமாம், விருந்தாளிக்குக் குடிக்க என்ன வைப்பீர்கள்? பாலா? கூடவே கூடாது, அதன் வயிற்றைக் கெடுத்துவிடும். ஒரு கிண்ணம் தண்ணீர் போதும்!