முதல் தடவை ராஃப்டிங்: தண்ணீர் யார் கையில்?

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டைகளில் வேலை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வருஷக் கடைசி நெருங்கினால் ‘டீம் அவுட்டிங்’ பேச்சு கிளம்பிவிடும். ஏலகிரியும் பாண்டிச்சேரியும் சலித்துப்போனவர் யாராவது “தண்டேலி போலாமா, ராஃப்டிங்?” என்று ஒரு வீடியோவைத் தட்டிவிடுவார். வழி கேட்கவே வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டுக்கொண்டு ஓடும் அதே 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் பெங்களூரு, தாவணகெரே, ஹுப்பள்ளி தாண்டி தார்வாடுக்கும் போகிறது. அங்கிருந்து மேற்கே காட்டுக்குள் திரும்பினால் காளி ஆற்றங்கரையில் தண்டேலி. எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் வேன் பயணம். கிளம்புமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

இதற்கு அவ்வளவு தூரம் போவானேன், நம் பக்கம் ஆறே இல்லையா? ஆறும் உண்டு, சில சமயம் தண்ணீரும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். ஒரு கன அடி 28.3 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் விநாடிக்கு 68 என்ற கணக்கில் அடையாற்றில் கொட்டின. அத்தனை நீர் போயும் அது நுரைத்துப் பாயவில்லை. மணப்பாக்கத்திலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் புகுந்து தேங்கி நின்றது. காரணம், தரை தட்டை. ராஃப்டிங்குக்குத் தண்ணீரைவிடச் சரிவு முக்கியம். சரிவில் இறங்கும் ஆறு குறுகலான இடத்தில் நெரிபட்டு, அடியில் கிடக்கும் பாறைகளில் ஏறி விழும்போது காற்றைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. அந்தக் காற்றுக் குமிழிகள்தான் வெள்ளையாகத் தெரிகின்றன. குமிழி மிகுந்த நீரில் துடுப்புக்குப் பிடிப்பு குறையும். விழுந்தவரும் வழக்கத்தைவிடச் சற்றுத் தாழ்வாகவே மிதப்பார். வழிகாட்டி வெள்ளையைக் கண்டதும் “இன்னும் வேகமா, இன்னும் வேகமா” என்று கத்துவது அதனால்தான்.

சரிவும் பாறையும் என்றைக்கும் அங்கேயே இருப்பவை. தண்ணீர் அப்படியல்ல. முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.

காளி ஆற்றின் குறுக்கே கணேஷ்குடியில் சூபா அணை நிற்கிறது. உயரம் 101 மீட்டர்; கொள்ளளவு சுமார் 145 டிஎம்சி. மேட்டூர் 93.47, செம்பரம்பாக்கம் 3.645 என்று வைத்துப் பார்த்தால், நாற்பது செம்பரம்பாக்கம் அதற்குள் அடங்கும். அணையின் அடியில் கர்நாடக அரசு மின் நிறுவனத்தின் 100 மெகாவாட் மின்நிலையம். டர்பைன் சுழலும்போது வெளியேறும் நீர்தான் கீழே ஆறாக ஓடுகிறது. ராஃப்ட் அதன்மேல் ஓடுகிறது. டர்பைன் நின்றால் கொஞ்ச நேரத்தில் பாறைகள் தலைகாட்டும், படகு தரைதட்டும். மழைக்காலத்தில் அணை நீரைச் சேமிக்கப் பார்க்கும். அதனால் தண்டேலியில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பொதுவாக ராஃப்டிங் கிடையாது. ஊரெல்லாம் காய்ந்து மின்தேவை ஏறும் கோடையில் அங்கே ஆறு பொங்கும். ஆறு மின்வாரிய நேரப்படி ஓடும் இடம் இது. ஆகவே முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி தலைக்கு எவ்வளவு என்பதல்ல. நாங்கள் வரும் நாளில் எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுவார்கள் என்பது.

குடகில் கதை நேர்மாறு. பிரம்மகிரி மலையடியில் ஓடும் பாராபோலே ஆற்றில் படகு இறங்கும் இடத்தை நிரப்புவது மழை மட்டுமே. ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் ஆட்டம். தண்டேலி ஓயும் நேரத்தில் பாராபோலே தொடங்குகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மலையில் ஓர் இரவு கொட்டித் தீர்த்தால் காலையில் ஆறு வேறு ஆறாகிவிடும். அன்றைக்கு நடத்துகிறவர்கள் “இன்னிக்கு வேண்டாம்” என்றால் அட்வான்ஸ் போனாலும் போகட்டும், சண்டை போடாதீர்கள். அப்படிச் சொல்கிறவரிடம்தான் அடுத்த முறையும் போக வேண்டும்.

பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இலங்கையின் கித்துல்கலை இருக்கிறது. கொழும்பிலிருந்து அட்டன் போகிற சாலையில், களனி ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். 1957-இல் வெளியான ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தின் பாலத்தை இங்கேதான் கட்டித் தகர்த்தார்கள். மேலே மலையகத் தமிழர்கள் வாழும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள். அவற்றின் நீர் வரிசையாக மின்நிலையங்களைக் கடந்து இங்கே வருகிறது. இதுவும் பாதி மழை, பாதி மின்சாரம்.

ஆற்றின் முரட்டுத்தனத்தை 1 முதல் 6 வரை கிரேடு போட்டுச் சொல்வது உலக வழக்கு. 1 என்பது சலசலப்பு. 6 என்பது கைதேர்ந்தவர்களே உயிரைப் பணயம் வைக்கும் இடம். முதல் தடவைக்கு 2, 3 போதும். தண்டேலியில் பெரும்பாலும் அதுதான். கிரேடு என்பது ஆற்றுக்குக் குத்திய நிரந்தர முத்திரை அல்ல, நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும். ‘ஷார்ட் ராஃப்டிங்’ என்று மலிவாகச் சொன்னால் அது பல சமயம் அமைதியான நீரில் ஒரு சுற்று, ஓரிரண்டு சின்னத் துள்ளல், நாலு போட்டோ. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது நல்லதுதான். ராஃப்டிங் போய்வந்தேன் என்று சொல்லிக்கொள்ள மட்டும் போதாது.

நீச்சல் தெரியாதே என்று பயப்படுகிறவர்கள் லைஃப் ஜாக்கெட்டைப் புரிந்துகொண்டால் போதும். பெரியவர்களுக்கான சாதாரண ஜாக்கெட் ஏறக்குறைய ஏழு கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கும். எழுபது கிலோ ஆளுக்கு ஏழு கிலோ எப்படிப் போதும்? நம் உடம்பு ஏற்கெனவே பெரும்பாலும் மிதக்கக்கூடியது. தலையை மேலே வைக்க மட்டுமே உதவி வேண்டும். ஆனால் தொளதொளவென்று போட்டால் ஜாக்கெட் மிதக்கும், ஆள் கீழே நழுவுவார். எல்லா பக்கிளையும் மாட்டி இறுக்கிய பிறகு, பக்கத்தில் நிற்பவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் இன்னும் இறுக்க வேண்டும். ஷாப் ஃப்ளோரில் ஹெல்மெட் வார் மாட்டாதவரை அதட்டும் சூப்பர்வைசர்களே ஆற்றங்கரையில் வாரைத் தொங்கவிட்டுக்கொண்டு செல்ஃபி எடுப்பதுண்டு.

காலில் சேஃப்டி ஷூ வேண்டாம், தண்ணீர் புகுந்து கனக்கும். ஹவாய் செருப்பு முதல் அலையிலேயே போய்விடும். பின்வார் உள்ள சாண்டல் அல்லது பழைய கேன்வாஸ் ஷூ சரி. ஜீன்ஸ் கூடாது. கண்ணாடி போடுகிறவர்கள் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

படகில் உட்காருவது உள்ளே அல்ல, விளிம்பின்மேல். குறுக்குக் குழாயின் அடியில் பாதத்தைச் செருகிக்கொண்டால் அதுவே பிடிமானம். படகின் தரையைச் சுற்றித் துளைகள் இருக்கும். ஓட்டை என்று பதறாதீர்கள்: காற்றடைத்த தரை ஆற்றைவிட உயரமாக இருப்பதால், உள்ளே அடித்த தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகத் தானே வடியும். துடுப்பின் மேல்நுனியில் ஆங்கில ‘டி’ (T) போன்ற கைப்பிடி இருக்கும். ஒரு உள்ளங்கை எப்போதும் அதன்மேல் மூடியே இருக்க வேண்டும். ராஃப்டில் உதடு கிழிவதும் பல் உடைவதும் பாறையால் மட்டுமல்ல. பக்கத்தில் இருப்பவர் பயத்தில் விட்டுவிட்ட அந்தக் கைப்பிடியாலும்தான்.

விழுந்தால்? ஆற்றில் எழுந்து நிற்க முயலக் கூடாது. முழங்கால் ஆழம்தானே என்று காலூன்றினால் பாதம் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும், பின்னாலிருந்து வரும் நீர் ஆளை முகங்குப்புறத் தள்ளி அமுக்கும். மல்லாந்து படுத்து, காலை ஆறு போகிற திசையில் நீட்டி, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். எதிரே பாறை வந்தால் காலால் உதைத்து விலகலாம். உங்களைக் காப்பாற்ற யாராவது கயிற்றுப் பையை வீசினால் பையைப் பிடிக்காதீர்கள், கயிற்றைப் பிடியுங்கள். பையைப் பிடித்தால் உள்ளிருக்கும் கயிறு உருவிக்கொண்டே வரும், நீங்களும் போய்க்கொண்டே இருப்பீர்கள். விழுந்து கிடக்கும் மரம் தெரிந்தால் மட்டும் இந்த மல்லாந்த நிலையை விட்டுக் குப்புறத் திரும்பி, முழு பலத்தோடு நீந்தி விலக வேண்டும். கிளைகளுக்குள் தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது.

வழிகாட்டி கரையில் சொல்லித்தருவது பத்து நிமிஷம்கூட இராது. ‘ஃபார்வர்ட்’, ‘பேக்’, ‘ஸ்டாப்’, ‘கெட் டவுன்’ என்ற நாலைந்து கட்டளைகள்தான். அவற்றைச் செய்து பார்க்காமல் படகை இறக்குகிறவரோடு போக வேண்டாம். ஒரு படகில் எத்தனை பேர், கூடவே காப்பாற்றும் கயாக் வருகிறதா என்பதையும் கேளுங்கள்.

இந்தத் தொழிற்பேட்டைக்காரர்களுக்கென்று ஒன்று. வெள்ளிக்கிழமை செகண்ட் ஷிஃப்ட் முடித்து, நள்ளிரவில் வேன் ஏறி, விடிய விடிய பாட்டுப் போட்டுக்கொண்டு போய், இறங்கியவுடன் படகில் ஏறுவது நடக்கிற வழக்கம். தூங்காத உடம்பு கட்டளைக்கு அரை விநாடி தாமதமாக அசையும்; குளிர்ந்த நீரில் சீக்கிரம் நடுங்கும். குடித்திருந்தால் இன்னும் மோசம். சனிக்கிழமை அறையெடுத்துத் தூங்குங்கள், ஞாயிறு காலை ஆற்றில் இறங்குங்கள், திங்களுக்கு லீவு சொல்லிவிடுங்கள். இதய நோய், அண்மையில் அறுவை சிகிச்சை, தோள் நழுவிய பழைய கதை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கரையில் இருப்பதே சரி. அவர்களைக் கையெழுத்துப் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதவைத்து ஏற்றுகிற டீம் லீடர்கள் இருக்கிறார்கள்.