பில்சன் பீரும் ஒரு நாட்டின் விளைபொருளும்

ஒரு தேசத்திற்குத் தனக்கெனத் தனிப்பட்ட பீர் வகை உண்டா என்பது விவசாயிகளுக்குச் சம்பந்தமில்லாத வினாவாகத் தோன்றலாம். ஆயினும் பீர் என்பது தானியத்தினின்றும் ஒரு கொடியின் பூவினின்றும் உண்டாவதால், அவ்வினாவிற்குரிய விடை ஆலையிலன்று, வயலிலேயே உள்ளது. இக்கட்டுரை மதுபானத்தைச் சிபார்சு செய்வதற்காக எழுதப்பட்டதன்று. ஒரு நாட்டார் தம் விளைபொருளின் பெயரை எங்ஙனம் இழந்தனர், எங்ஙனம் காத்தனர் என்பதை எடுத்துக்காட்டுவதே இதன் நோக்கம்.

ஐரோப்பாவின் நடுவில் உள்ள செக் நாட்டின் மேற்குப் பகுதி பொஹீமியா எனப்படும். அங்குள்ள பில்சன் நகரத்தில் பீர் காய்ச்சும் உரிமை நகரத்துக் குடிகள் பலருக்கு இருந்தது. அவர்கள் செய்த பீர் ஒரே தரமாக இராது, அடிக்கடி கெட்டுப்போகும். 1838-ஆம் வருஷத்தில் 36 பீப்பாய் பீர் உபயோகத்திற்கு லாயக்கற்றதென்று நகர மண்டபத்தின் முன் கொட்டப்பட்டது. அதன்மேல் அவ்வுரிமையுடையோர் ஒன்றுகூடிப் பொதுவில் ஒரு புதிய ஆலை கட்டி, பவேரியா தேசத்திலிருந்து யோசெப் குரோல் என்னும் தொழிலாளியை வரவழைத்தனர். அவர் 1842 அக்டோபர் 5-ஆம் தேதி முதன்முறை காய்ச்சிய பீர், அதுகாறும் வழங்கிய கருநிறப் பீரைப் போலன்றித் தெளிந்த பொன்னிறமாயிருந்தது.

இதில் செக் நாட்டிற்குரியது யாது என்று ஒருவர் கேட்கலாம். காய்ச்சியவர் பவேரியர். குளிர்ந்த நிலவறையில் மெதுவாகப் புளிக்கவைக்கும் முறையும் பவேரியாவினது. தானியத்தை விறகுப் புகை படாமல் சூடான காற்றினால் உலர்த்தும் சூளையோ இங்கிலாந்தில் வழங்கிய மாதிரியைச் சேர்ந்தது. ஆகவே தொழில்முறை முழுவதும் இரவல் என்றே சொல்லலாம். ஆனால் நீரும், தானியமும், ஹாப்ஸ் பூவும் அவ்விடத்தவை. இம்மூன்றும் சேர்ந்தமையால்தான் அப்பீர் வேறெங்கும் இல்லாத ஒன்றாயிற்று.

நீரும் தானியமும்

பில்சன் நகரத்து நீரில் சுண்ணாம்பு முதலிய உப்புக்கள் மிகக் குறைவு. உப்பு மிகுந்த நீரில் ஹாப்ஸின் கசப்பு முரடாகும். மென்னீரில் அது இனிதாயிருக்கும்.

தானியம் பார்லி, அதாவது வாற்கோதுமை. நாட்டின் கிழக்குப் பகுதியாகிய மொராவியாவில் ஹானா என்னும் சமவெளி இத்தானியத்திற்குப் பேர்போனது. பார்லியை நீரில் ஊறவைத்து, சில நாட்கள் முளைக்கவிட்டு, பின் உலர்த்தினால் மால்ட் கிடைக்கும். மால்ட்டுக்கு வேண்டிய பார்லி எல்லாம் ஒரே சமயத்தில் முளைக்க வேண்டும். ஆகையால் பல ஜாதி விதை கலந்த தானியம் உதவாது. தழைச்சத்து எருவை அளவுக்கு மிஞ்சி இட்டால் மணியில் புரதம் அதிகரித்து, மாவுச்சத்துக் குறைந்து, பீர் கலங்கும். எனவே அங்குள்ள குடியானவர் மகசூலை மட்டும் கருதி எருவிடுவதில்லை. வாங்குவோர் கேட்கும் குணத்தையும் கருதியே இடுகின்றனர். 1965-ஆம் வருஷத்தில் அந்நாட்டில் வெளியிடப்பட்ட 'டயமண்ட்' என்னும் பார்லி, எக்ஸ் கதிர் பாய்ச்சிய விதையினின்று தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் தாள் குட்டையாதலால் எளிதில் சாய்வதில்லை. ஐரோப்பாவில் பின்னர் வந்த பல பார்லி ஜாதிகளுக்கு அது மூலமாயிற்று.

ஸாட்ஸ் ஹாப்ஸ்

பீருக்குக் கசப்பும் வாசனையும் தருவது ஹாப்ஸ் கொடியின் பெண்பூக் கதிர். பில்சனுக்கு வடக்கே ஜாட்டெக் என்னும் ஊரைச் சூழ்ந்த பிரதேசம் இதற்கு உரியது. ஜெர்மானியர் அவ்வூரை ஸாட்ஸ் என்பர். மலைத்தொடரின் மறைவில் இருப்பதால் அங்கே ஆண்டு மழை சுமார் 450 மில்லிமீட்டரே. கொடிகளைச் சுமார் 7 மீட்டர் உயரமுள்ள கம்பங்களிலும் கம்பிகளிலும் ஏற்றுகின்றனர். ஆண்கொடி மகரந்தம் பட்டால் கதிரில் விதை பிடித்துத் தரம் குன்றுமாதலால் ஆண்கொடிகளை அழித்துவிடுவர். ஆகஸ்டு மாதக் கடைசியில் அறுவடை செய்து உடனே உலர்த்துவர்.

கொடியை விதையால் அன்றி வேர்த்துண்டுகளால் பயிராக்குவதால், நல்ல தாய்க்கொடியின் குணம் மாறாமல் வரும். 1927-ஆம் வருஷம் முதல் கரேல் ஆஸ்வால்டு என்னும் அறிஞர் பழைய தோட்டங்களில் சிறந்த கொடிகளைத் தனித்தனியே பொறுக்கிப் பெருக்கினார். அவர் பெயரால் வழங்கும் 31, 72, 114 எண்ணுள்ள கொடிகள் இவ்வாறு உண்டானவையே.

பெயர் போனதும் நின்றதும்

பில்சன் பீரின் புகழ் பரவவே, பிற தேசத்து ஆலைகளும் தம் பீருக்குப் 'பில்ஸ்னர்' என்று பெயரிட்டன. பழைய ஆலையார் 1898-இல், 'ஆதி ஊற்று' என்று பொருள்படும் 'உர்க்குவெல்' என்னும் சொல்லைச் சேர்த்துத் தம் முத்திரையைப் பதிந்துகொண்டனர். எனினும் 'பில்ஸ்னர்' என்பது உலகெங்கும் ஒரு பொதுப்பெயராகவே போய்விட்டது. ஊரின் பெயர் ஊராருக்கு இல்லாமற் போயிற்று.

ஆனால் ஹாப்ஸ் பயிரிட்டோர் தம் பெயரை விடவில்லை. ஜாட்டெக்கில் மூட்டைகளை நிறுத்து, விளைந்த இடத்தைக் குறித்து, முத்திரையிட்டு, சான்றுடன் அனுப்பும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இன்றும் அந்நாட்டு ஹாப்ஸ் பாதுகாப்புச் சட்டம் இதனைக் கட்டாயமாக்குகின்றது. 2007-ஆம் வருஷத்தில் ஐரோப்பிய ஒன்றியம் ஜாட்டெக் ஹாப்ஸின் பெயரை இடத்திற்குரிய பெயராகப் பாதுகாத்தது. 2008-இல் 'செக் பீர்' என்னும் பெயருக்கும் அத்தகைய பாதுகாப்புக் கிடைத்தது. அந்நாட்டிற்குள்ளேயே காய்ச்ச வேண்டும், அந்நாட்டு ஹாப்ஸில் குறித்த பங்கு சேர்க்க வேண்டும், அங்கு வழங்கும் முறைப்படி மால்ட் கலவையின் ஒரு பகுதியைத் தனியே கொதிக்கவைத்துச் சேர்க்க வேண்டும் என்பன அதன் நிபந்தனைகளுட் சில. 2023-இல் ஜாட்டெக் நகரும் அதன் ஹாப்ஸ் நிலங்களும் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டன.

ஆகவே முதல் வினாவிற்கு விடை இது: தனிப்பட்ட பீர் வகை செக் நாட்டிற்கு உண்டு. தொழில்முறையைப் பிறர் கற்றுக்கொள்ளலாம், பெயரையும் எடுத்துக்கொள்ளலாம். மண்ணையும், அதற்கிசைந்த ஜாதியையும், மூட்டையின் நேர்மையையும் எடுத்துச்செல்ல இயலாது.

நாம் கவனிக்கற்பாலது

நம் நாட்டிலும் 1999-ஆம் வருஷத்துப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி மதுரை மல்லிக்கு 2013-இலும் ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இலும் பதிவு கிடைத்துள்ளது. பதிவு ஒரு காகிதமே. அதற்கு உயிர் தருவது மூட்டை. வேற்றிடத்து மஞ்சளை ஒரு குவியலில் கலந்து ஊரின் பெயரால் விற்பவன் அன்றைக்குச் சில ரூபாய் லாபம் அடைவான்; மறுவருஷம் ஊரார் அனைவரும் விலையில் நஷ்டமடைவர்.

ஆதலால் நிலமுடையோர் ஒரே ஜாதி விதையைத் தூய்மையாகக் காத்து, தனிக்களத்தில் உலர்த்தி, கலப்பின்றி மூட்டை கட்ட வேண்டும். கிராம அதிகாரிகள் விளைந்த நிலத்தைக் கண்ணாற் கண்ட பின்னரே விளைவிடச் சான்றில் கையொப்பமிட வேண்டும். பில்சன் நகரத்தார் தம் பெயர் பரவிய பின்பே அதைக் காக்க முயன்றனர். நாம் முன்னதாகவே முயல்வோமாக.