பந்தியில் இடம் கிடைக்காதவர்கள்

யாழ்ப்பாணத்தின் பெயர்பெற்ற கல்லூரிகளுக்கு இன்று கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. ஆண்டுவிழா, இராப்போசனம், நினைவு மலர் என்று அவை ஓயாமல் இயங்குகின்றன. மலர்களைப் புரட்டினால் விடுதி வாழ்க்கை பற்றி ஒரு கட்டுரையாவது அகப்படும்: அதிகாலை மணி, கண்டிப்பான விடுதிப் பொறுப்பாளர், இரவுப் படிப்பு, யாழ் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904இல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமர். உழைப்பும் ஒழுக்கமுமே எங்களை ஆளாக்கின என்று கட்டுரை முடியும். அதில் பொய் இல்லை. ஆனால் தீவுப்பகுதியில் ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ இருந்துகொண்டு அதே கட்டுரையைப் படித்தால், எழுதாமல் விடப்பட்ட பகுதி கண்ணில் படும். அந்த விடுதிகளில் தங்கி உழைத்துப் படிக்கிற வாய்ப்பு யார் யாருக்குக் கிடைத்தது? சாதி, பணம், கடல் மூன்றும் வாசலில் நின்று ஆள் பார்த்து உள்ளே விட்ட காலத்தில், உள்ளே போனவரின் வெற்றி முழுவதையும் அவருடைய தகுதியின் பேரில் எழுதுவது அரைக் கணக்கு.

இந்தக் கணக்கு அமெரிக்க மிஷன் காலத்திலேயே தொடங்குகிறது. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும் உடுவில் மகளிர் விடுதிப் பள்ளி 1824இலும் உருவாயின. பிள்ளைகளை உள்ளே கொண்டுவருவதற்கு மிஷனரிமார் ஊர் வழமைக்கு வளைந்துகொடுக்க வேண்டியிருந்தது. மிஷன் வளவுக்குள் சமைத்த சோற்றைத் தொட்டால் தீட்டு என்று பிள்ளைகள் மறுத்ததால், பக்கத்துச் சைவக் காணியில் தனியாகக் குசினி போட்டுச் சமைத்த காலம் அது. பெண் பிள்ளைகள் படிப்பை முடிக்கும்வரை விடுதியில் நிற்க வேண்டும் என்பதற்காக, முடித்தவர்களுக்குச் சீதனப் பணம் தருவதாகவும் சொன்னார்கள். கல்விக்காகச் செய்த விட்டுக்கொடுப்புகள் என்று இவற்றைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் விளைவு தெளிவானது. ஊரில் ஏற்கெனவே மேலே இருந்த குடும்பங்களின் பிள்ளைகளே பெரும்பாலும் ஆங்கிலம் படித்து உத்தியோகத்துக்கும் சட்டத்துறைக்கும் போனார்கள். செமினரி 1855இல் மூடப்பட்டது. அதன் மாணவர்களான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். அந்தப் பெருமையை நாம் இன்றும் சொல்லிக்கொள்கிறோம். அந்தக் குசினி ஏன் வேலிக்கு அப்பால் இருந்தது என்பதை மட்டும் சொல்வதில்லை.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. சாதிக்கு எதிரான முதல் குரல்களில் சில இதே கல்லூரிகளிலிருந்துதானே எழுந்தன? உண்மைதான். யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஹண்டி பேரின்பநாயகமும் அவருடைய தோழர்களும் 1924இல் மாணவர் காங்கிரஸை அமைத்தார்கள். அதுவே பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸாக வளர்ந்தது. தீண்டாமையை எதிர்த்தார்கள், சமபந்திப் போசனத்தை நடைமுறையிலும் காட்டினார்கள், 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தார்கள். ஆனால் அதே காலத்தில் வெளியே நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்த வேண்டும் என்ற சம ஆசன உத்தரவு 1930ஐ ஒட்டி வந்தபோது, மேற்சாதியார் மனுக் கொடுத்தார்கள், பிள்ளைகளை மறித்தார்கள், சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளை அதுவரை நிலத்தில் குந்தியிருந்து படித்தது. ஒரு சில பழைய மாணவர்கள் காட்டிய துணிச்சலை எல்லாப் பழைய மாணவர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்க முடியாது. அந்தக் கல்லூரிகள் பேரின்பநாயகத்தை உருவாக்கின என்றால், மனுக்களில் கையெழுத்திடும் அளவுக்குப் படித்தவர்கள் எங்கே படித்தார்கள் என்ற கேள்வியும் கூடவே வரும். வெளியே தள்ளப்பட்டவர்களின் சாட்சியத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது. சாதி இழிவு தாங்காமல் பள்ளியை இடையில் விட்ட டொமினிக் ஜீவா 1966இல் மல்லிகை இதழைத் தொடங்கினார். கே. டானியல் பஞ்சமர் நாவலை எழுதினார். யாழ்ப்பாணக் கல்வியின் வரலாற்றுக்கு எந்த நூற்றாண்டு மலரைவிடவும் இவர்களுடைய எழுத்து குறைந்த ஆதாரம் இல்லை.

தீவுப்பகுதிக்கு இன்னொரு தடையும் இருந்தது. தாம்போதிகள் வருமுன் தீவுகளிலிருந்து பட்டினத்துப் பள்ளிக்கு நாள்தோறும் போய்வருவது நடக்கிற காரியமில்லை. விடுதியில் சேர்ந்தால்தான் படிப்பு. விடுதிக் காசு கட்டக்கூடியவர்கள் யார்? தென்னிலங்கையில் கடை வைத்திருந்த புங்குடுதீவு, ஊர்காவற்றுறை வணிகக் குடும்பங்கள், காணி பூமி உள்ளவர்கள், திருச்சபையின் ஆதரவு கிடைத்த கத்தோலிக்கப் பிள்ளைகள். கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியில் தொடங்கி யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரிக்குப் போனார். பிற்காலத்தில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக வழிசெய்தவர் அவர். இப்படி ஒரு பாதை திறந்ததால் தமிழுக்குக் கிடைத்தது எவ்வளவு என்பதற்கு அவரே சான்று. பாதை கிடைக்காத மீனவப் பிள்ளைகளாலும் சீவல் தொழிலாளர் பிள்ளைகளாலும் தமிழுக்குக் கிடைத்திருக்கக்கூடியது எவ்வளவு என்று கணக்கிட வழியே இல்லை. பட்டினத்துக்குப் போய்ச் சேர்ந்த தீவுப் பிள்ளைக்கும் ‘தீவான்’ என்ற ஏளனம் காத்திருந்தது. தன் ஊரில் மேல்படியில் இருந்த பிள்ளை பட்டினத்து விடுதியில் கீழ்படிக்கு வந்தது. ஒருவரே ஓர் இடத்தில் சலுகை பெற்றவராகவும் இன்னோர் இடத்தில் சலுகை இழந்தவராகவும் இருக்க முடியும் என்பதைத் தீவக அனுபவம் எடுத்துக்காட்டுகிறது.

அதெல்லாம் பழைய கதை, இலவசக் கல்வி வந்த பிறகு எல்லாரும் சமம் என்பது அடுத்த மறுப்பு. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் சீர்திருத்தம் 1945இல் கட்டணத்தை நீக்கியது. அவர் வளர்த்த மத்திய கல்லூரி முறை, ஏழைக் கிராமப் பிள்ளைகளுக்கு உதவிப்பணமும் விடுதியும் தந்து, மேட்டுக்குடி விடுதிகளுக்கு நேர் எதிரான வழியைக் காட்டியது. ஒடுக்கப்பட்ட மக்களின் அமைப்பான சிறுபான்மைத் தமிழர் மகாசபை தங்கள் ஊர்களுக்குப் பாடசாலை கேட்டுப் போராடியது. இவை பெரிய மாற்றங்கள். ஆனால் கட்டணம் போனாலும் தூரம் போகவில்லை. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து பட்டினத்துக்கு பஸ். காற்றுக்காலத்தில் படகு ஓடாவிட்டால் பள்ளியும் இல்லை, ரியூஷனும் இல்லை. 1990ஐ ஒட்டிய இடப்பெயர்வு தீவுகளை வெறிச்சோட வைத்தது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் வேறெங்கும் போக வசதி இல்லாதவர்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் நன்றாகச் செய்யும் பிள்ளை பட்டினத்துக்குப் போய்விடுகிறது. விஞ்ஞான, கணித ஆசிரியர்களும் இடமாற்றம் கிடைத்தவுடன் போய்விடுகிறார்கள்.

பல்கலைக்கழக அனுமதியிலும் இதே சிக்கல் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் தமிழ் மாணவர்களுக்குச் செய்த அநீதியை யாழ்ப்பாணம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் மாவட்ட ஒதுக்கீட்டில் யாழ் மாவட்டம் முழுவதும் ஒரே அலகு. நெடுந்தீவு மகா வித்தியாலயத்து மாணவியும் பட்டினத்தின் முதல்தரக் கல்லூரி மாணவனும் ஒரே வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். தரப்படுத்தலை அநீதி என்று எதிர்த்த சமூகம், தனக்குள்ளே பட்டினத்தையும் தீவையும் ஒரே தராசில் வைப்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

முன்னோர் செய்ததற்கு நாங்கள் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும் என்று சிலர் கேட்கலாம். யாரும் ஏற வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஜோர்ஜ்ரவுன் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த யேசுசபையார் 1838இல் 272 அடிமைகளை விற்றார்கள். 2016இல் பல்கலைக்கழகம் அதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது; அந்த அடிமைகளின் வழித்தோன்றல்களுக்கு அனுமதியில் முன்னுரிமை தருவதாகவும் அறிவித்தது. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடவில்லை. யாழ்ப்பாணக் கல்லூரிகளின் கணக்கு அவ்வளவு கொடியதல்ல. ஆகவே ஒப்புக்கொள்வதும் அவ்வளவு கடினமல்ல.

பழைய மாணவர் சங்கங்கள் இன்று திரட்டும் பணம் பெரும்பாலும் சொந்தக் கல்லூரிக்கே போகிறது: நீச்சல் தடாகம், மண்டபம், நுழைவாயில் வளைவு. அந்தப் பணத்தில் ஒரு பங்கை நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுப் பிள்ளைகளின் விடுதிச் செலவுக்கும், தீவகப் பாடசாலைகளில் தங்கிப் படிப்பிக்கும் ஆசிரியர்களின் வாடகைக்கும் ஒதுக்கட்டும். அடுத்த மலரில், அந்தக் கல்லூரியில் சேர முடியாமல் போனவர்களிடமும் கட்டுரை கேட்டு வாங்கிப் போடட்டும். நன்றாகப் படித்தோம் என்று சொல்லிக்கொள்ளும் ஒவ்வொருவரும், தனக்குக் கிடைத்த இடம் யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லப் பழக வேண்டும்.