மூலிகையும் முயலும்

மனிதனுடைய சோர்வும் சுறுசுறுப்பும், அச்சமும் அமைதியும் மூளையில் ஊறும் சில இரசாயனப் பொருள்களோடு பிணைந்தவை என்பதைப் பலரும் கேள்வியுற்றிருப்போம். இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாற்றில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை அறிந்தோர் சிலரே.

அம்மூலிகை சர்ப்பகந்தி. பீகார்ப் பகுதியில் அதன் வேரைப் 'பைத்தியத்திற்கு மருந்து' என்னும் பொருள்படும் பெயராலேயே மக்கள் வழங்கி வந்தனர். அது சித்தப்பிரமையையும் இரத்தக் கொதிப்பையும் தணிக்கின்றது என 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் வங்காளத்தார் இருவர் நம் நாட்டு மருத்துவ ஏடொன்றில் எழுதினர். மேனாட்டார் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பின்னரே விழித்துக்கொண்டனர். (சரக்கு நம்முடையதாயினும் முத்திரை அங்கே விழவேண்டியிருக்கிறது!) 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அவ்வேரின் சத்தைப் பிரித்தெடுத்து 'ரிசர்ப்பின்' எனப் பெயரிட்டனர்.

இச்சத்து மூளையில் செய்வது யாது? ஒரு நரம்பணுவுக்கும் அடுத்ததற்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அதனைக் கடந்து செய்தி கொண்டு செல்லும் தூதர்களே டோபமின், செரடோனின் முதலிய பொருள்கள். நெல்லைக் குதிரில் சேமிப்பதுபோல நரம்பணுக்கள் அவற்றைச் சேமித்து வைக்கின்றன. ரிசர்ப்பின் அக்குதிரைக் காலியாக்கிவிடும்.

சுவீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் 1957-இல் முயல்களுக்கு ரிசர்ப்பின் கொடுத்தார். அவை காது தொங்க, அசைவற்றுக் கிடந்தன. பின்னர் 'டோபா' என்னும் பொருளை ஊசிமூலம் செலுத்தினார். உடலினுள் டோபமினாக மாறுவது அது. சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடத் தொடங்கின! மூளையின் ஒரு சத்து வற்றியதால் முடங்கிய உயிர், அது திரும்பியதும் எழுந்தது. இவ்வாராய்ச்சிகளுக்காக 2000-ஆம் ஆண்டில் அவர் வேறிருவருடன் நோபல் பரிசு பெற்றார்.

இவ்விடத்தில் இன்னொரு மூலிகையையும் குறிப்பிடவேண்டும். தொட்டால் அரிக்கும் பூனைக்காலியின் விதையில் இதே டோபா உள்ளது. சேப்பாக்கத்திலிருந்த சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்போர் 1937-இலேயே அதனைப் பிரித்தெடுத்திருந்தனர். அன்று அதன் பயனை எவரும் அறியார். நடுக்குவாத நோயாளரின் மூளையில் டோபமின் குன்றியிருப்பது 1960-இல் வியன்னாவில் புலனாயிற்று. 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், டோபாவைச் சிறுகச் சிறுக உயர்த்திக் கொடுத்து அந்நோயாளரை நடமாடச் செய்தார். இதைப் படித்துவிட்டு எவரும் விதையை இடித்துத் தின்னவேண்டா. அளவு தவறினால் வாந்தியும் மயக்கமும் வரும்.

மனநோயை மட்டும் ஒரே இரசாயனத்தின் கூடுதல் குறைவால் விளக்கிவிட இயலாது. பரம்பரை, இளமைத் துயரம், குடிப்பழக்கம் ஆகியவையும் அதில் கலந்துள்ளன. ஆயினும் மருந்தினால் அது தணியக்கூடும் என்பது 1952-இல் பாரிசில் குளோர்ப்புரோமசின் மருந்தால் உறுதியாயிற்று. காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அம்மருந்து டோபமினின் வேலையைத் தடுத்தே பயன் தருகிறது எனப் பின்னர் அறிந்தனர்.

மனிதன் வெறும் இரசாயனக் கலவைதானோ எனச் சிலர் கலங்கலாம். கலங்கவேண்டா. முயலின் அசைவை விளக்கிய ஆய்வு அன்பையும் மனச்சாட்சியையும் அளக்க முற்படவில்லை.

ஆண்டுதோறும் திருமலைராயன்பட்டினம் வழியே வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோரிடையே, சித்தம் கலங்கிய பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பெற்றோரும் உண்டு. அன்னையை நாடுவது நன்றே. அதற்காக மாத்திரையை நிறுத்துவது தகாது. 'செய்வினை', 'வளர்ப்புச் சரியில்லை' என்று அப்பெற்றோரைக் குத்திப் பேசுவது அதனினும் தகாது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடிக் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் ஓடமுடியாமல் 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது.

வீட்டில் இத்தகையோர் இருப்பின் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வெளியே சொல்லக் கூசுவோர், மைய அரசின் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.