ஒரே பேரு, ரெண்டு கார்டு: 8 ஜிபியா, 16 ஜிபியா? கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

சரவணம்பட்டியில் ஐடி வேலை. கையில் முதல் போனஸ். காலேஜ் நாளிலிருந்து தள்ளிப்போட்ட ஆசை ஒன்று பாக்கி: கேம் ஆட நல்ல கிராபிக்ஸ் கார்டு. காந்திபுரம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் போய் விசாரித்தால், 'ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ' என்று ஒரே பெயர் போட்ட இரண்டு பெட்டிகளைக் காட்டுவார்கள். ஒன்றில் 8 ஜிபி, இன்னொன்றில் 16 ஜிபி. "ஏனுங்ணா, பேரு ஒண்ணுதானே, அப்புறம் எதுக்குங்க அஞ்சாயிரம் சேத்தி?" என்று யாருக்கும் கேட்கத் தோன்றும்.

இன்றைக்கு மிட்-ரேஞ்ச் கார்டு வாங்குவதில் உள்ள பெரிய சிக்கலே அந்த அஞ்சாயிரம்தான்.

என்விடியா இந்த 5060 டிஐ கார்டை 2025 ஏப்ரலில் வெளியிட்டது. 8 ஜிபி 379 டாலர், 16 ஜிபி 429 டாலர். ஜூனில் ஏஎம்டி தன் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டை இதே பாணியில் இறக்கியது: 8 ஜிபி 299 டாலர், 16 ஜிபி 349 டாலர். இரண்டு கம்பெனியிலும் வித்தியாசம் 50 டாலர். சிப் அதேதான், அதன் வேகமும் கிட்டத்தட்ட அதேதான். மாறுவது மெமரி மட்டும்.

மெமரி மட்டும்தானே?

கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் கெட்டிக்காரர், வேகமாக வேலை செய்வார். ஆனால் பக்கத்தில் இருக்கும் மேசை சின்னது. பொருள் எல்லாம் மேசையில் அடங்கும்வரை பிரச்சினையே இல்லை. அடங்காவிட்டால் மிச்சத்தைக் குடோனில் வைத்துவிட்டு, தேவைப்படும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்துவர வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த நேரத்தில் லேத் சும்மாதான் நிற்கும்.

கிராபிக்ஸ் கார்டில் சிப்தான் அந்த ஆள். வீடியோ மெமரிதான் மேசை. குடோன் என்பது கம்ப்யூட்டரின் சாதாரண ரேம். கேமில் வரும் சுவர், தரை, முகம், ஆடை என எல்லாவற்றின் டெக்ஸ்சரும் வீடியோ மெமரியில் உட்கார வேண்டும். இடம் போதாவிட்டால் படம் சட்டென்று நின்று நின்று ஓடும். சில கேம்கள் நிற்காமல் ஓடும், ஆனால் டெக்ஸ்சரை மங்கலாகக் காட்டிச் சமாளிக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சராசரி எஃப்பிஎஸ் எண்ணை மட்டும் பார்த்தால் இந்தத் திணறல் பெரும்பாலும் தெரியாது. நிமிடத்துக்கு நாலு தடவை அரை நொடி நின்றாலும் சராசரி 70 என்று அழகாகத்தான் வரும். அதனால் யூடியூபில் ரிவ்யூ பார்க்கும்போது '1 சதவீத லோ' என்ற எண்ணைத் தேடுங்கள். மோசமான நேரத்தில் கார்டு எப்படி ஓடியது என்பதைச் சொல்வது அதுதான்.

8 ஜிபி போதாதா?

என்ன கேம் என்பதைப் பொறுத்தது. வேலோரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5 இவைதான் உங்கள் உலகம், மானிட்டர் சாதாரண 1080பி என்றால் 8 ஜிபி தாராளம். ஏஎம்டியின் ஃப்ராங்க் அசோர் 2025 மே மாதம் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: பெரும்பாலான கேமர்கள் இன்னும் 1080பியில்தான் ஆடுகிறார்கள், அவர்களுக்கு 8 ஜிபிக்கு மேல் தேவையில்லை என்றார். இணையத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

காரணம், புது கேம்கள் வேறு கதை சொல்கின்றன. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதம் வந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்' இரண்டுக்கும் குறைந்தபட்சத் தேவை என்று போட்டிருப்பதே 8 ஜிபி. இன்று புதிதாக வாங்கும் கார்டு, முதல் நாளே சில கேம்களின் வாசல்படியில் நிற்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1070 கார்டு 2016-ல் வந்தபோது அதில் 8 ஜிபி இருந்தது, விலை 379 டாலர். ஒன்பது வருஷம் கழித்து வந்த 5060 டிஐ: 8 ஜிபி, 379 டாலர். சிப்பின் வேகம் பல மடங்கு கூடிவிட்டது, உண்மைதான். ஆனால் மேசை அதே அளவு.

கம்பெனிக்கும் இது தெரியாமல் இல்லை போலும். 5060 டிஐ வந்தபோது விமர்சகர்களின் கைக்குப் போனது பெரும்பாலும் 16 ஜிபி கார்டுதான். 8 ஜிபி கார்டைப் பலர் கடையில் காசு கொடுத்து வாங்கித்தான் சோதித்தார்கள். அடுத்த மாதம் 299 டாலருக்கு 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5060 வந்தபோது, அதைச் சோதிக்கத் தேவையான டிரைவர் பெரும்பாலான விமர்சகர்களுக்கு வெளியீட்டு நாளன்றுதான் கிடைத்தது. ரிவ்யூ வருவதற்குள் விற்பனை தொடங்கிவிட்டது.

பழைய பிசியில் போடுபவர்களுக்கு

கோவையில் பலர் வீட்டில் இருப்பது லாக்டவுன் சமயத்தில் வொர்க் ஃப்ரம் ஹோமுக்காக வாங்கிய பிசி. இன்டெல் 10-வது தலைமுறையோ, பி450 போர்டில் ரைசன் 5 3600-ஓ இருக்கும். இவற்றில் கார்டு செருகும் ஸ்லாட் பிசிஐஇ 3.0. பட்டறைக்கும் குடோனுக்கும் நடுவில் இருக்கும் ரோடு என்று இதை வைத்துக்கொள்ளலாம்.

5060, 5060 டிஐ இரண்டும் இந்த ரோட்டில் எட்டு லேன் மட்டும்தான் பயன்படுத்தும். 9060 எக்ஸ்டி பதினாறு லேனும் பயன்படுத்தும். புது போர்டில் லேன் குறைந்தாலும் ஒவ்வொரு லேனும் வேகம் என்பதால் பெரிதாகத் தெரியாது. பழைய போர்டில் எட்டு லேன், அதோடு 8 ஜிபி என்றால் அடி இரட்டிப்பு: மேசையும் சின்னது, குடோன் ரோடும் குறுகல். ரிவ்யூக்கள் பெரும்பாலும் விலையுயர்ந்த புது பிசியில் எடுக்கப்படுவதால் இந்தச் சங்கதி அதில் வராது.

2024 டிசம்பரில் 249 டாலருக்கு வந்த இன்டெல் ஆர்க் பி580 கார்டும் ஆசை காட்டும். 12 ஜிபி, விலையும் குறைவு. ஆனால் 'ரீசைஸபிள் பார்' வசதி இல்லாத பிசிக்கு அது ஆகாது. கொஞ்சம் பழைய ப்ராசஸரோடு சேர்த்தால் வேகம் சரிகிறது என்பதை 2025 தொடக்கத்திலேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். புது பிசி கட்டுபவர்கள் யோசிக்கலாம்.

டாலர் கணக்கு ரூபாயில் என்ன ஆகும்?

அமெரிக்க விலை வரி சேர்க்காதது. இங்கே கிராபிக்ஸ் கார்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பரில் டிவி, ஏசிக்கு வரி குறைந்தபோது இதற்கும் குறையும் என்று சிலர் காத்திருந்தார்கள். குறையவில்லை, ஏற்கெனவே 18-ல்தான் இருந்தது.

டாலர் 90 ரூபாய் என்று வைத்து, ஜிஎஸ்டி சேர்த்துப் போட்டால் 9060 எக்ஸ்டி 16 ஜிபி சுமார் 37,000 ரூபாய். 5060 டிஐ 8 ஜிபி சுமார் 40,000, 16 ஜிபி சுமார் 45,500. கடைக்காரர் லாபம், சரக்குக் கூலி தனி. இந்த எண்ணுக்கு மேல் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதுதான் பேரம் பேச வேண்டிய இடம்.

இந்தக் கணக்கிலேயே ஒன்று பளிச்சென்று தெரியும். என்விடியாவின் 8 ஜிபி கார்டைவிட ஏஎம்டியின் 16 ஜிபி கார்டு மலிவு. சிப் வேகத்தில் 5060 டிஐ சராசரியாகச் சில சதவீதம் முன்னால் நிற்கும். மெமரி நிரம்பும் கேமில் அந்த முன்னிலை காணாமல் போய்விடும்.

காத்திருந்தால் விலை இறங்குமா? அதை நம்புவது கஷ்டம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் 'க்ரூஷியல்' என்ற தன் நுகர்வோர் பிராண்டையே மூடுவதாக டிசம்பரில் அறிவித்தது. மெமரி விலை ஏறினால் முதலில் சுடுவது 16 ஜிபி கார்டைத்தான். இரண்டுக்கும் வித்தியாசம் அஞ்சாயிரத்தைத் தாண்டிப் பத்தாயிரத்தை நெருங்கினால், 1080பி மட்டும் ஆடுபவர் 8 ஜிபியோடு நிறுத்திக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் அதை 5060 டிஐ விலைக்கு வாங்க வேண்டாம், 299 டாலர் வகையில் பாருங்கள்.

விளம்பரத்தில் வரும் 'நாலு மடங்கு' ஃப்ரேம்

கார்டு உண்மையில் வரையும் ஒரு ஃப்ரேமுக்கு நடுவே மூன்று ஃப்ரேம்களை ஏஐ மூலம் இட்டுக்கட்டிச் சேர்ப்பதுதான் டிஎல்எஸ்எஸ் 4-ன் மல்டி ஃப்ரேம் ஜெனரேஷன். திரையில் 120 என்று காட்டும், விரல் அழுத்தத்துக்குக் கேம் பதில் சொல்வது 30-க்கு உரிய வேகத்தில்தான். ஏற்கெனவே 60-க்கு மேல் ஓடும் கேமை மேலும் வழுவழுப்பாக்க நல்ல வசதி. திணறும் கேமுக்கு மருந்தல்ல. போதாக்குறைக்கு அதுவும் வீடியோ மெமரியில் இடம் கேட்கும்.

நம்ம ஊர்ச் சங்கதிகள்

மின்கட்டணம் பயப்படும் அளவில் இல்லை. 180 வாட் எடுக்கும் 5060 டிஐயில் தினம் மூன்று மணி நேரம் ஆடினால், இரண்டு மாத பில்லில் அந்தக் கார்டின் பங்கு சுமார் 32 யூனிட்.

யோசிக்க வேண்டியது யுபிஎஸ். பல வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது ஏறக்குறைய 360 வாட். கார்டு, ப்ராசஸர், மானிட்டர் எல்லாம் சேர்ந்து 300-ஐ எளிதில் தாண்டும். ஆட்ட நடுவில் கரண்ட் போனால் யுபிஎஸ் பீப் அடித்துவிட்டு அதுவும் சேர்ந்து போய்விடலாம். எஸ்எம்பிஎஸ்ஸையும் பாருங்கள். 5060 டிஐக்கு என்விடியா பரிந்துரைப்பது 600 வாட்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருப்பதால் கோவை தப்பித்துக்கொள்ளும். ஈரோடு, கரூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஒற்றை ஃபேன் கார்டு இரைச்சல் போடும். அங்கே இரட்டை ஃபேன் மாடலுக்கு ஆயிரம் கூடக் கொடுக்கலாம். திருப்பூரில் பனியன் கம்பெனி பக்கத்தில் வீடு என்றால் ஃபேனில் பஞ்சுத் தூசி அடையும், இரண்டு மாசத்துக்கு ஒருமுறை ப்ளோயர் பிடித்தே ஆக வேண்டும்.

ஆன்லைனில் ஆயிரம், ரெண்டாயிரம் குறைவாகக் கிடைக்கலாம். வாங்கும் முன் வாரன்டிக்குக் கார்டை எங்கே அனுப்ப வேண்டும், கூரியர் செலவு யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும்.

பிளெண்டர், வீடியோ எடிட்டிங், சொந்தமாக ஏஐ மாடல் ஓட்டிப் பார்ப்பது என்று வேலையும் சேர்ந்து இருந்தால் மட்டும் 5060 டிஐ 16 ஜிபிக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் உண்டு. அந்த மென்பொருள்களில் பல என்விடியாவின் கூடாவை நம்பி எழுதப்பட்டவை. கேம் மட்டும்தான் என்றால் 9060 எக்ஸ்டி 16 ஜிபி போதும்.

அப்புறம், ஜிடிஏ 6-க்காகவே இப்போது கார்டு வாங்கலாம் என்று இருப்பவர்கள் கவனத்துக்கு: 2026 நவம்பர் 19 என்று ராக்ஸ்டார் அறிவித்த தேதி பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும்தான். அந்த அறிவிப்பில் பிசி இல்லை.